சில்லுக்குள் அடங்கும் அலைநீளம் மாற்றும் லேசர்: வடிவமைப்பிலிருந்து முதல் அளவீடு வரை

ஆய்வகங்களில் நெடுங்காலமாகப் பயன்பட்டுவரும் அலைநீளம் மாற்றும் லேசர் ஒன்றைத் திறந்து பார்த்தால், உள்ளே அரிசிமணியைவிடச் சிறிய குறைக்கடத்திச் சில்லு ஒன்றும், அதற்கு எதிரே ஒரு கீற்றணியும், அந்தக் கீற்றணியையோ அதனுடன் இணைந்த ஆடியையோ மிக மெல்லத் திருப்பும் இயந்திர அமைப்பும் இருக்கும். ஒளியைப் பெருக்குவது சில்லு. எந்த அலைநீளம் திரும்பிவந்து மீண்டும் பெருக்கம் பெற வேண்டும் என்று முடிவு செய்வது கீற்றணி. ஒருங்கிணைந்த ஒளியியல் சில்லுகள் இந்த இரண்டாவது பகுதியைத்தான் மாற்றியமைத்தன. கீற்றணி, ஆடி, திருகு ஆகியவற்றின் வேலை முழுவதையும், சில மில்லிமீட்டர் அகலமுள்ள கண்ணாடிப் படலத்துக்குள் பதிக்கப்பட்ட இரண்டு நுண்வளையங்கள் செய்துவிடுகின்றன. அசையும் உறுப்பு ஒன்றுகூட இல்லை.

இந்த வழிகாட்டி அத்தகைய ஒரு லேசரை, அதாவது இண்டியம் பாஸ்பைடு பெருக்கிச் சில்லும், தேர்ந்த அலைநீளத்தை அதற்கே திருப்பும் சிலிக்கான் நைட்ரைடு பின்னூட்டச் சில்லும் சேர்ந்த இரட்டை வளைய லேசரை, கணக்குப் போடுவதிலிருந்து இயக்கி அளப்பதுவரை படிப்படியாக விளக்குகிறது. இளநிலை இயற்பியல் படித்தவர் தொடர்ந்து வரக்கூடிய அளவிலேயே கணக்குகளை வைத்திருக்கிறேன். இத்துறையில் புதிதாக நுழைபவர்கள் பெரும்பாலும் பெருக்கிச் சில்லைப் பற்றியே அதிகம் கவலைப்படுகிறார்கள். நல்ல பெருக்கியை விலைக்கு வாங்கிவிடலாம். லேசரின் தரத்தைத் தீர்மானிப்பது அதற்கு எதிரே நாம் வரையும் பின்னூட்டச் சுற்றே என்பது என் உறுதியான கருத்து. ஆகவே அந்தப் பகுதியில்தான் அதிக நேரம் செலவிடப் போகிறோம்.

படி 1: எந்தப் பொருளில் கட்டுவது

1962இல் முதல் குறைக்கடத்தி லேசர்கள் காலியம் ஆர்சனைடில் உருவானபோது, திரவ நைட்ரஜன் வெப்பநிலையில்தான் அவை இயங்கின. அறை வெப்பநிலையில் தொடர்ந்து ஒளிரும் லேசர் 1970இல்தான் கைகூடியது. அன்றிலிருந்து இன்றுவரை மாறாத ஒரு தடை உண்டு: மின்னணுவியலின் அடித்தளமான சிலிக்கான், மறைமுக ஆற்றல் இடைவெளி கொண்டது என்பதால் ஒளியைத் திறம்பட உமிழாது. எனவே ஒளியைப் பெருக்கும் வேலைக்கு இண்டியம் பாஸ்பைடு போன்ற சேர்மக் குறைக்கடத்தி ஒன்று தேவைப்படுகிறது.

அதைச் சேர்ப்பதற்கு மூன்று வழிகள் உண்டு. முழு லேசரையும் இண்டியம் பாஸ்பைடிலேயே கட்டுவது முதல் வழி. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் பல ஆண்டுகளாக இதைச் செய்துவருகின்றன. இரண்டாவது வழியில், சேர்மக் குறைக்கடத்திப் படலத்தைச் சிலிக்கான் தகட்டின் மேல் ஒட்டி, பிறகு இரண்டையும் சேர்த்தே செதுக்குகிறார்கள். கலிபோர்னியாவின் சான்டா பார்பரா பல்கலைக்கழகமும் இன்டெல் நிறுவனமும் 2006இல் மின்னோட்டத்தால் இயங்கும் லேசரை இம்முறையில் காட்டின. மூன்றாவது வழியில், தனித்தனியாகச் செய்து சோதிக்கப்பட்ட இரண்டு சில்லுகளை முகத்தோடு முகம் பொருத்தி ஒட்டுகிறார்கள்.

பெருமளவு உற்பத்திக்கு இரண்டாம் வழி சிறந்தது. ஆனால் ஓர் ஆய்வுக்குழுவோ சிறு நிறுவனமோ தொடங்குவதற்கு மூன்றாவது வழியையே பரிந்துரைப்பேன். ஏனெனில், பழுதான சில்லை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பின்னூட்டச் சில்லுக்கு மிகக் குறைந்த இழப்புள்ள பொருளைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரமும் கிடைக்கும். அந்தப் பொருள் சிலிக்கான் நைட்ரைடு. நல்ல தயாரிப்பில் அதன் அலைவழி (சில்லுக்குள் ஒளி செல்லும் நுண்ணிய பாதை) இழப்பு சென்டிமீட்டருக்கு 0.1 டெசிபெல்லுக்கும் கீழே இறங்குகிறது. சாதாரணச் சிலிக்கான் அலைவழியிலோ அது ஒன்றிலிருந்து மூன்று டெசிபெல் வரை இருக்கும். இன்னொரு காரணமும் உண்டு. 1550 நானோமீட்டர் ஒளியின் ஒரு ஒளியன் 0.8 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் கொண்டது. சிலிக்கானின் ஆற்றல் இடைவெளி சுமார் 1.1 எலக்ட்ரான் வோல்ட் என்பதால், வளையத்துக்குள் ஒளி செறியும்போது இரண்டு ஒளியன்கள் சேர்ந்து உறிஞ்சப்பட்டு வளையம் சூடாகி அலைநீளம் தடுமாறும். ஐந்து எலக்ட்ரான் வோல்ட் அளவுக்கு இடைவெளி கொண்ட சிலிக்கான் நைட்ரைடில் இந்தத் தொல்லை கிடையாது.

படி 2: தேவையை எண்களாக எழுதுதல்

வரைபடத்தைத் தொடும் முன் நான்கு எண்களைத் தாளில் எழுதிவிட வேண்டும்: எந்த அலைநீளப் பரப்பு, எவ்வளவு திறன், எவ்வளவு குறுகிய கோட்டகலம் (லேசர் ஒளியின் அதிர்வெண் பரவியிருக்கும் அகலம்), எவ்வளவு விரைவில் அலைநீளம் மாற வேண்டும். நம் எடுத்துக்காட்டுக்கு, ஒளியிழைத் தொடர்பில் புழங்கும் 1530 முதல் 1565 நானோமீட்டர் வரையிலான பட்டையை முழுவதும் எட்டுவது, இழைக்குள் சுமார் 10 மில்லிவாட், கோட்டகலம் சில கிலோஹெர்ட்ஸ், மாறும் வேகம் மில்லிநொடிக் கணக்கில் என்று வைத்துக்கொள்வோம். மைக்ரோநொடிக்குள் அலைநீளம் மாற வேண்டுமென்றால் வெப்பத்தால் மாற்றும் இந்த வடிவமைப்பு உதவாது. லித்தியம் நையோபேட் போன்ற மின்புலத்துக்கு வினைபுரியும் பொருளைத் தேட வேண்டியிருக்கும்.

படி 3: வெர்னியர் கணக்கு

பள்ளி ஆய்வகத்தில் வெர்னியர் அளவியைக் கையில் பிடித்தவர்களுக்கு இந்த லேசரின் உயிர்நாடி ஏற்கெனவே தெரியும். பிரதான அளவுகோலின் கோடுகளுக்கும் வெர்னியர் அளவுகோலின் கோடுகளுக்கும் இடைவெளி சற்றே வேறுபடுவதால், ஏதேனும் ஓரிடத்தில் மட்டுமே இரண்டும் நேருக்கு நேர் பொருந்தும். வெர்னியரை இம்மியளவு நகர்த்தினால் பொருந்தும் இடம் ஒரு முழுக் கோடு தள்ளிப் போகும். பியேர் வெர்னியர் 1631இல் வெளியிட்ட இந்த உத்தி, இங்கே நீளத்துக்குப் பதிலாக ஒளியின் அலைநீளத்துக்குப் பயன்படுகிறது.

ஒரு வளையத்தின் சுற்றளவு, ஒளியின் அலைநீளத்தின் முழு எண் மடங்காக அமையும் போதெல்லாம் அந்த வளையம் ஒளியை ஒரு பக்க அலைவழியிலிருந்து மறு பக்க அலைவழிக்குக் கடத்துகிறது. எனவே ஒரு வளையம் மட்டும் சீப்பின் பற்களைப் போலச் சம இடைவெளியில் பல அலைநீளங்களைக் கடத்தும். அடுத்தடுத்த பற்களுக்கு இடையிலான தொலைவு, அலைநீளத்தின் வர்க்கத்தைத் ஒளித்துடிப்பு அலைவழியில் எவ்வளவு மெதுவாகச் செல்கிறது என்று சொல்லும் தொகுதி ஒளிவிலகல் எண்ணாலும் சுற்றளவாலும் வகுத்தால் கிடைக்கும்.

தொகுதி ஒளிவிலகல் எண்ணை 1.77 என்று கொள்வோம். மெல்லிய இரட்டை அடுக்குச் சிலிக்கான் நைட்ரைடு அலைவழிகளுக்கு இது பொருத்தமான மதிப்பு. முதல் வளையத்தின் சுற்றளவு 800 மைக்ரோமீட்டர் என்றால், 1550 நானோமீட்டர் அருகே பற்களின் இடைவெளி 1.70 நானோமீட்டர், அதாவது 212 ஜிகாஹெர்ட்ஸ். இரண்டாவது வளையத்துக்கு 830 மைக்ரோமீட்டர் கொடுத்தால் இடைவெளி 1.64 நானோமீட்டர், அல்லது 204 ஜிகாஹெர்ட்ஸ். ஒளி இரண்டு வளையங்களையும் கடந்தே திரும்ப வேண்டும் என்று சுற்றை அமைத்தால், இரண்டு சீப்புகளின் பற்களும் ஒன்றன்மேல் ஒன்று விழும் அலைநீளம் மட்டுமே பெருக்கியை மீண்டும் எட்டும். அப்படிப் பொருந்தும் இடங்களுக்கு இடையிலான தொலைவைக் காண, மேற்சொன்ன சூத்திரத்தில் சுற்றளவுக்குப் பதிலாக இரண்டு சுற்றளவுகளின் வேறுபாட்டை, அதாவது 30 மைக்ரோமீட்டரை, இட்டால் போதும். விடை 45 நானோமீட்டர். நமக்குத் தேவையான 35 நானோமீட்டர் பட்டையை அது தாண்டிவிடுகிறது. மிச்சமிருக்கும் 10 நானோமீட்டர், பட்டையின் ஒரு முனையில் இயங்கும்போது மறுமுனைக்கு அப்பாலிருந்து இன்னொரு அலைநீளம் போட்டியிடாமல் காக்கும் பாதுகாப்பு.

இப்போது அலைநீளம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். முதல் வளையத்தை அப்படியே விட்டுவிட்டு, இரண்டாவது வளையத்தை மட்டும் சூடாக்கினால் அதன் சீப்பு முழுவதும் நீண்ட அலைநீளப் பக்கம் நகரும். அது 0.06 நானோமீட்டர், அதாவது 7.7 ஜிகாஹெர்ட்ஸ், நகர்ந்தவுடன் பொருத்தம் அடுத்த பல்லுக்குத் தாவுகிறது. லேசரின் அலைநீளமோ ஒரே எட்டில் 1.70 நானோமீட்டர் தள்ளிப் போகிறது. சிறிய நகர்வு 27 மடங்குக்கு மேல் பெருகிவிட்டது. வளையத்தை ஒரு முழுப் பல் இடைவெளி நகர்த்துவதற்குள் சுமார் 26 தாவல்களில் முழுப் பரப்பும் கடக்கப்படும்.

இந்தப் பெருக்கத்துக்கு விலையும் உண்டு. சுற்றளவு வேறுபாட்டை 30இலிருந்து 10 மைக்ரோமீட்டராகக் குறைத்தால் பரப்பு 135 நானோமீட்டராக விரியும். ஆனால் அடுத்தடுத்த பற்கள் ஏறத்தாழ ஒன்றன்மேல் ஒன்று கிடப்பதால் சரியான பல்லையும் பக்கத்துப் பல்லையும் சுற்றால் பிரித்தறிய முடியாமல் போகும். பரப்பைப் பேராசையோடு விரிப்பது புதியவர்கள் செய்யும் முதல் தவறு. பெருக்கிச் சில்லின் பெருக்கப் பட்டைக்கு வெளியே கிடைக்கும் பரப்பால் எந்தப் பயனும் இல்லை.

படி 4: வளையத்துக்குள் எவ்வளவு ஒளியை விடுவது

பக்கத்துப் பல்லை எவ்வளவு அடக்க முடியும் என்பது பல்லின் கூர்மையைப் பொறுத்தது. அந்தக் கூர்மையோ அலைவழிக்கும் வளையத்துக்கும் இடையிலான இணைப்பியைப் பொறுத்தது. ஒவ்வொரு இணைப்பியும் ஒளியின் திறனில் பத்து விழுக்காட்டைக் கடத்தும்படி வரைந்தால், 212 ஜிகாஹெர்ட்ஸ் இடைவெளியுள்ள வளையத்தின் ஒத்ததிர்வு அகலம் சுமார் 7 ஜிகாஹெர்ட்ஸ் ஆகும். பக்கத்துப் பற்கள் விலகியிருப்பதோ 7.7 ஜிகாஹெர்ட்ஸ் மட்டுமே. கணக்குப் போட்டால் பக்கத்துப் பல்லில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு ஒளி திரும்பி வருவது தெரியும். லேசராக இயங்குவதற்கு இதுவே போதுமானதாக இருக்கலாம், ஆனால் சற்றே வெப்பநிலை அசைந்தால் தாவிவிடும் லேசராக அது இருக்கும். இணைப்பை ஐந்து விழுக்காடாகக் குறைத்தால் ஒத்ததிர்வு அகலம் 3.5 ஜிகாஹெர்ட்ஸாகச் சுருங்கி, பக்கத்துப் பல்லின் பங்கு இருபதில் ஒன்றாக இறங்குகிறது. இணைப்பைப் பாதியாக்கியதற்குக் கிடைத்த மூன்று மடங்குக்கும் மேலான பலன் இது.

அப்படியானால் ஏன் இன்னும் குறைக்கக்கூடாது என்ற கேள்வி எழும். இங்கேதான் அலைவழி இழப்பு குறுக்கிடுகிறது. ஐந்து விழுக்காட்டு இணைப்பில் ஒளி வளையத்துக்குள் சுமார் இருபது சுற்றுச் சுற்றிய பிறகே வெளியேறுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் இழப்பு சேர்ந்துகொண்டே போகும். சென்டிமீட்டருக்கு 0.1 டெசிபெல் இழப்புள்ள சிலிக்கான் நைட்ரைடில் இருபது சுற்றுக்குப் பிறகும் 96 விழுக்காட்டு ஒளி மறுபக்கம் வந்துசேரும். அதே வளையத்தைச் சென்டிமீட்டருக்கு 2 டெசிபெல் இழப்புள்ள அலைவழியில் செய்தால் 54 விழுக்காடுதான் வரும். இரண்டு வளையங்களையும் கடக்கும்போது முப்பது விழுக்காட்டுக்கும் கீழே போய்விடும். முதல் படியில் பொருளைத் தேர்ந்தெடுப்பதற்கு ஏன் அவ்வளவு அக்கறை காட்டினோம் என்பதற்கு இந்த இரண்டு எண்களே விடை.

நம் வடிவமைப்புக்கு ஐந்து விழுக்காட்டையே எடுத்துக்கொள்வோம். தயாரிப்பின்போது அலைவழிகளுக்கு இடையிலான சந்து சில பத்து நானோமீட்டர் மாறினாலும் இணைப்பு கணிசமாக மாறும் என்பதால், சில்லில் இடமிருந்தால் நான்கு, ஐந்து, ஆறு விழுக்காட்டு இணைப்புள்ள மூன்று வடிவங்களை அருகருகே வரைந்து அனுப்புவது நல்லது.

படி 5: குழியின் நீளமும் கட்டப் பகுதியும்

லேசரின் குழி என்பது ஒளி முன்னும் பின்னுமாகச் சென்றுவரும் பாதை முழுவதும். அதன் ஒரு முனையில், இரண்டு வளையங்களையும் ஒரு கண்ணி ஆடிக்குள் வைக்கிறோம். பெருக்கியிலிருந்து வரும் ஒளி இரண்டு கிளைகளாகச் சமமாகப் பிரிந்து, எதிரெதிர்த் திசைகளில் இரண்டு வளையங்களையும் கடந்து, மீண்டும் ஒன்றுசேர்ந்து வந்த வழியே திரும்புகிறது. பெருக்கிக்கும் கண்ணிக்கும் நடுவே இரண்டு உறுப்புகள் வேண்டும்: ஒளியில் ஒரு பகுதியை வெளியே எடுக்கும் இணைப்பி ஒன்று, சூடாக்கி ஒளி அலையின் கட்டத்தை மாற்றும் நேரான அலைவழித் துண்டு (கட்டப் பகுதி) ஒன்று. வெளியெடுக்கும் இணைப்பியைச் சூடேற்றி மூலம் மாற்றக்கூடியதாக வரைந்துவிட்டால், திறனுக்கும் கோட்டகலத்துக்கும் இடையிலான சமரசத்தைச் சில்லு கைக்கு வந்த பிறகும் சரிசெய்துகொள்ளலாம். வளையங்கள் இரண்டுக்கும் கட்டப் பகுதிக்கும் உள்ள மூன்று சூடேற்றிகளோடு நான்காவது ஒன்று கூடுகிறதே என்று தயங்க வேண்டாம்.

குழியின் நீளத்தை இப்போது கணக்கிடலாம். ஒத்ததிர்வில் இருக்கும் ஒவ்வொரு வளையமும் ஒளியை சுமார் 92 பிக்கோநொடி தாமதப்படுத்துகிறது. வெற்றிடத்தில் ஏறத்தாழ 28 மில்லிமீட்டர் பயணத்துக்கு அது சமம். இரண்டு வளையங்கள், 700 மைக்ரோமீட்டர் நீளப் பெருக்கிக்குள் போய்வரும் பாதை, இணைக்கும் அலைவழிகள் எல்லாம் சேர்ந்து ஒரு முழுச் சுற்றுக்கு 78 மில்லிமீட்டர் ஒளிப்பாதை ஆகிறது. குழி தாங்கும் அதிர்வுப் பாங்குகள், அதாவது அதில் நிலைத்து நிற்கக்கூடிய அதிர்வெண்கள், அதனால் 3.8 ஜிகாஹெர்ட்ஸ் இடைவெளியில் அமையும். பொருந்திய இரண்டு வளையங்களின் கூட்டு அகலம் சுமார் 2.2 ஜிகாஹெர்ட்ஸ்தான். அதாவது அந்தக் கூட்டு வடிகட்டிக்குள் ஒரு சமயத்தில் ஒரு பாங்குக்கு மேல் வசதியாக நிற்க இடமில்லை. வரைந்த சுற்றுக்கு இந்த ஒப்பீட்டைச் செய்யாமல் தயாரிப்புக்கு அனுப்பவே கூடாது.

கட்டப் பகுதியின் வேலை, அந்த ஒரே பாங்கை வடிகட்டியின் உச்சிக்குக் கொண்டுவந்து நிறுத்துவது. அது இல்லாவிட்டால் வளையங்கள் இரண்டும் பொருந்தியிருந்தும், பாங்கு உச்சியின் சரிவில் நின்று தடுமாறும்.

நீண்ட குழிக்கு இன்னொரு பெரும் பயன் உண்டு. லேசரின் கோட்டகலம், குழியில் ஒளி தங்கும் காலத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. ஷாலோவும் டௌன்ஸும் 1958இல் தந்த அடிப்படைக் கோட்பாட்டுடன், குறைக்கடத்தியில் மின்னூட்ட ஊர்திகளின் எண்ணிக்கை மாறும்போது ஒளிவிலகல் எண்ணும் மாறுவதால் கோட்டகலம் பல மடங்கு கூடுகிறது என்ற விளக்கத்தை சார்லஸ் ஹென்றி 1982இல் சேர்த்தார். சிறிய குழியுள்ள சாதாரணத் தொலைத்தொடர்பு லேசரின் கோட்டகலம் மெகாஹெர்ட்ஸ் அளவில் இருப்பதற்கும், நீண்ட, இழப்புக் குறைந்த குழியுள்ள கூட்டு லேசர்கள் கிலோஹெர்ட்ஸுக்கும் கீழே இறங்குவதற்கும் காரணம் இதுதான். நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகக் குழு, லயோனிக்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து, மூன்று வளையங்கள் மூலம் குழியின் ஒளிப்பாதையை அரை மீட்டர் அளவுக்கு நீட்டி, 40 ஹெர்ட்ஸ் உள்ளார்ந்த கோட்டகலத்தை 2020இல் எட்டியது. அதே லேசர் 70 நானோமீட்டருக்கு மேல் அலைநீளம் மாறவும் செய்தது. கைவிரல் நுனியில் அடங்கும் சில்லுக்குள் அரை மீட்டர் பாதை என்பதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

படி 6: பெருக்கிச் சில்லும் முகப்புகளும்

ஒரு முகப்பு மட்டும் ஒளியை எதிரொளிக்கும் குறைக்கடத்திப் பெருக்கியை வாங்க வேண்டும். பின்முகப்பில் 90 விழுக்காட்டுக்கு மேல் எதிரொளிக்கும் பூச்சு இருக்கும். முன்முகப்பு இதற்கு நேர்மாறாக எதையும் எதிரொளிக்கக்கூடாது. பூச்சில்லாத இண்டியம் பாஸ்பைடு முகப்பு, காற்றை நோக்கி ஏறத்தாழ 30 விழுக்காட்டைத் திருப்பிவிடும். அப்படித் திரும்பினால் பெருக்கிச் சில்லு தானே ஒரு லேசராகி நம் வளையங்களைப் பொருட்படுத்தாது. எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சு மட்டும் போதாது என்பதால், முகப்பை அணுகும் அலைவழியைச் சாய்த்தும் வரைகிறார்கள். பெருக்கியில் சாய்வு 9 டிகிரி என்றால், ஒளிவிலகல் விதிப்படி சிலிக்கான் நைட்ரைடுச் சில்லில் அது சுமார் 20 டிகிரி ஆக வேண்டும். இந்த இரண்டு கோணங்களில் ஒன்றைத் தவறாக வரைந்தால் சில்லையே மறுபடி செய்ய வேண்டியதுதான். எனவே பெருக்கி தருபவரின் தரவுத்தாளைக் கையில் வாங்கிய பிறகே பின்னூட்டச் சில்லின் விளிம்பை வரையுங்கள்.

படி 7: தயாரிப்புக்கு அனுப்புதல்

சொந்தமாகத் தூய அறை தேவையில்லை. பலருடைய வடிவமைப்புகளை ஒரே தகட்டில் சேர்த்துச் செய்து தரும் பகிர்வு முறை ஐரோப்பாவில் நன்கு வேரூன்றிவிட்டது. சிலிக்கான் நைட்ரைடுக்கு நெதர்லாந்தின் லயோனிக்ஸ், சுவிட்சர்லாந்தின் லிஜென்டெக் போன்ற நிறுவனங்கள் இதைச் செய்கின்றன. தமிழ்நாட்டில் இருப்பவர்கள், சென்னை ஐ.ஐ.டி.யில் நிரல்படுத்தத்தக்க ஒளியியல் ஒருங்கிணைப்புச் சுற்றுகளுக்கென்று ஒரு மையம் இயங்குவதைக் கவனத்தில் கொள்ளலாம். வடிவமைப்புக் கோப்பில் லேசரைத் தவிர, தனி வளையம் ஒன்று, நேர் அலைவழி ஒன்று, சூடேற்றி மட்டும் ஒன்று எனச் சோதனை உறுப்புகளையும் வரையத் தவறாதீர்கள். பின்னால் ஏதாவது தவறினால் எங்கே தவறியது என்று சொல்லப்போவது அவைதாம்.

படி 8: சில்லுகளைச் சேர்த்தல்

பெருக்கிச் சில்லு நிலைமின்னால் எளிதில் சாகும். கையில் தரையிணைப்புப் பட்டை இல்லாமல் அதைத் தொடக்கூடாது. மின்வழங்கியை இயக்கும் முன்பும் நிறுத்திய பின்பும் சில்லின் இரு முனைகளும் குறுக்கிணைக்கப்பட்டிருக்க வேண்டும். ஒரே ஒரு முறை இதை மறந்ததால் வாரக்கணக்கில் காத்திருந்து வாங்கிய சில்லு ஒன்றை நான் இழந்திருக்கிறேன்.

இரண்டு சில்லுகளின் அலைவழிகளும் மைக்ரோமீட்டரின் சிறு பின்னத்துக்குள் நேராக வேண்டும். இதற்காகப் பெருக்கிக்குக் குறைந்த மின்னோட்டம் கொடுத்து, அது தானாக உமிழும் அகன்ற பட்டை ஒளியைப் பின்னூட்டச் சில்லின் வெளியேறு முனையில் அளந்தபடியே, ஆறு திசைகளிலும் அசையும் மேடையில் மெல்ல நகர்த்துகிறார்கள். திறன் உச்சத்தை எட்டியதும், புறஊதா ஒளியில் உறையும் பசையை இட்டு மீண்டும் ஒருமுறை உச்சத்தைத் தேடி, பிறகே உறையவிட வேண்டும். பசை உறையும்போது சற்றுச் சுருங்கிச் சில்லை இழுக்கும் என்பதை எதிர்பார்த்தே இருங்கள். ஒளியிழையையும் இவ்வாறே ஒட்டி, முழு அமைப்பையும் பெல்டியர் குளிர்விப்பானின் மேல் தெர்மிஸ்டருடன் பொருத்துங்கள்.

படி 9: முதல் ஒளி

1550 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. இழையின் முனையைக் கண்ணருகே கொண்டுபோகவோ நுண்ணோக்கியால் பார்க்கவோ கூடாது. வெளியேறும் இழையின் முனை எட்டு டிகிரி சாய்த்துத் தீட்டப்பட்டதாகவும், அதற்கு அடுத்ததாக, ஒளியை ஒரு திசையில் மட்டும் விடும் ஒளித் தடுப்பி ஒன்று உள்ளதாகவும் இருக்க வேண்டும். வெளியிலிருந்து திரும்பும் சிறு எதிரொளிப்பும் அளவீட்டைக் குலைத்துவிடும்.

வெப்பநிலையை 25 டிகிரி செல்சியஸில் நிலைநிறுத்துங்கள். சூடேற்றிகளுக்கு எதுவும் கொடுக்காமல் மின்னோட்டத்தை மெல்ல உயர்த்தினால், சில பத்து மில்லிஆம்பியரில் திறன் சட்டென்று ஏறத் தொடங்கும். அந்தத் தொடக்க மின்னோட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் ஒட்டு தளர்ந்ததா, சில்லு மூப்படைந்ததா என்று சொல்லும் முதல் அடையாளம் அதுவே. இந்த நிலையில் நிறமாலைப் பகுப்பியில் இரண்டு, மூன்று கோடுகள் தெரிந்தால் பதற வேண்டாம். தயாரிப்பின் சிறு வேறுபாடுகளால் வளையங்கள் தற்செயலாகவே எங்கோ நிற்கின்றன; இரண்டாவது வளையத்தின் சூடேற்றிக்கு மெல்லத் திறன் கொடுத்தால் ஒரு கோடு மட்டும் எழுந்து மற்றவை அடங்கும்.

படி 10: அலைநீள அட்டவணை

இங்கே பொறுமை வேண்டும். முதல் விதி: சூடேற்றியை மின்னழுத்தத்தால் கணக்கிடாதீர்கள், திறனால் கணக்கிடுங்கள். வளையத்தின் நகர்வு வெப்பத்துக்கு நேர்விகிதம்; வெப்பமோ மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதம். சூடேற்றியின் மின்தடையும் சூடாகும்போது மாறுவதால், மின்னழுத்தம், மின்னோட்டம் இரண்டையும் அளந்து பெருக்குவதே சரி. சிலிக்கான் நைட்ரைடின் ஒளிவிலகல் எண் வெப்பத்தால் மாறும் அளவு, சிலிக்கானைவிடப் பல மடங்கு குறைவு. எனவே வளையத்தை ஒரு முழு இடைவெளி நகர்த்த நூற்றுக்கணக்கான மில்லிவாட் தேவைப்படும். நம் எடுத்துக்காட்டில் அது 400 மில்லிவாட் என்று கொண்டால், ஒரு தாவலுக்குச் சுமார் 15 மில்லிவாட் ஆகிறது.

முதல் வளையத்தின் சூடேற்றியை ஒரு மதிப்பில் நிறுத்தி, இரண்டாவதை 0 முதல் 400 மில்லிவாட் வரை ஒரு மில்லிவாட் படிகளில் உயர்த்தி, ஒவ்வொரு படியிலும் அலைநீளத்தையும் திறனையும் பதியுங்கள். பிறகு முதல் வளையத்தைச் சற்று உயர்த்தி மீண்டும் செய்யுங்கள். கிடைக்கும் இரு பரிமாண வரைபடத்தில் சாய்ந்த பட்டைகள் தெரியும். ஒவ்வொரு பட்டையும் ஒரு தாவல். பட்டையின் நடுக்கோட்டில் இயங்கினால் லேசர் உறுதியாக நிற்கும், விளிம்பில் இயங்கினால் தாவும். 193.1 டெராஹெர்ட்ஸ், அதாவது 1552.52 நானோமீட்டர், என்ற தொலைத்தொடர்பு அடையாளப் புள்ளியைப் பிடிக்க வேண்டுமென்றால், அதற்கு மிக அருகில் செல்லும் பட்டையைத் தேர்ந்து, இரண்டு வளையங்களையும் சம அளவு அலைநீளம் நகரும்படி சேர்த்து உயர்த்தி, இறுதியில் கட்டப் பகுதியால் நுணுக்கமாகச் சரிசெய்ய வேண்டும்.

ஒரு சூடேற்றியின் வெப்பம் பக்கத்து வளையத்தையும் கொஞ்சம் நகர்த்தும். இரண்டு வளையங்கள், கட்டப் பகுதி ஆகிய மூன்றின் சூடேற்றிகளையும் தனித்தனியே உயர்த்தி அந்த மூன்று உறுப்புகளும் எவ்வளவு நகர்கின்றன என்று அளந்து, மூன்றுக்கு மூன்று அணியாக எழுதி, அதன் நேர்மாறு அணியைக் கட்டுப்பாட்டு நிரலில் பயன்படுத்தினால், ஒன்றைத் தொட்டால் மற்றொன்று அசையும் தொல்லை பெருமளவு தீரும்.

கட்டப் பகுதியை உயர்த்தும்போது திறன் மெல்ல ஏறி, உச்சத்தைத் தாண்டி, பிறகு ஒரு தாவலுடன் மீளும் ஒழுங்கு தெரியும். மிகக் குறுகிய கோட்டகலம் திறனின் உச்சியில்தான் இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். ஒத்ததிர்வின் நீண்ட அலைநீளப் பக்கச் சரிவில் சற்றே விலகி நிற்கும்போதுதான் அது கிடைக்கிறது. அங்கே அலைநீளம் அசையும் போதெல்லாம் குழியின் இழப்பும் சேர்ந்து மாறி, அந்த அசைவை எதிர்த்துத் திருத்துகிறது.

படி 11: கோட்டகலத்தை அளத்தல்

லேசரின் ஒளியை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை நீண்ட ஒளியிழையில் தாமதப்படுத்தி, மறு பாதியின் அதிர்வெண்ணை ஒலிவழி மாற்றியால் 80 மெகாஹெர்ட்ஸ் நகர்த்தி, இரண்டையும் உணர்வியில் சேர்ப்பது பழைய முறை. இதற்கு இழையின் நீளம், ஒளி அலையின் ஒழுங்கு கலையாமல் நீடிக்கும் தொலைவான ஓரியல்பு நீளத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும். ஒரு கிலோஹெர்ட்ஸ் கோட்டகலத்துக்கு அந்த நீளம் இழைக்குள் சுமார் 65 கிலோமீட்டர். எனவே நம் லேசர் நன்றாக அமைந்துவிட்டால், இம்முறை தரும் எண் லேசரைவிட இழையின் நடுக்கத்தையே அதிகம் சொல்லும். அதைவிட, சில மீட்டர் பாதை வேறுபாடுள்ள குறுக்கீட்டுமானி ஒன்றால் அதிர்வெண் அலைவை மின்னழுத்த அலைவாக மாற்றி, அதன் இரைச்சல் நிறமாலையை வரைவதே மேல். உயர் அதிர்வெண்களில் நிறமாலை தட்டையாகும் மட்டத்தைப் பையால் பெருக்கினால் உள்ளார்ந்த கோட்டகலம் கிடைக்கும். மட்டம் ஹெர்ட்ஸுக்கு 100 ஹெர்ட்ஸ் வர்க்கம் என்றால் கோட்டகலம் 314 ஹெர்ட்ஸ்.

நிறமாலையின் தாழ்ந்த பகுதியில் 50 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் முட்கள் நீட்டிக்கொண்டிருந்தால் குற்றம் லேசரில் இல்லை. சூடேற்றிகளுக்கோ பெருக்கிக்கோ மின்சாரம் தரும் கருவியில் இருக்கிறது. சூடேற்றி வழியே வரும் மின்னழுத்த இரைச்சல் வெர்னியர் பெருக்கத்தோடு அலைநீளத்தில் ஏறாது என்றாலும், கட்டத்தையும் வளையத்தையும் நேரடியாக அசைக்கும். ஒவ்வொன்றாக மின்கலத்துக்கு மாற்றிப் பார்த்தால் எந்த வழங்கி குற்றவாளி என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். அதைச் சரிசெய்த பிறகு, பத்தாவது படியின் அட்டவணையில் நீங்கள் பயன்படுத்தப்போகும் ஒவ்வொரு புள்ளியிலும் இந்த அளவீட்டை ஒருமுறை எடுத்து, அலைநீளத்துக்கு அருகிலேயே கோட்டகலத்தையும் எழுதி வையுங்கள். மாதங்கள் கழித்து அட்டவணையை மீண்டும் சரிபார்க்கும்போது, அதே சூடேற்றித் திறன்களில் அலைநீளம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது, தொடக்க மின்னோட்டம் எவ்வளவு கூடியிருக்கிறது என்ற இரண்டையும் பழைய பதிவோடு ஒப்பிடுங்கள். முதலாவது மட்டும் மாறியிருந்தால் அட்டவணையைத் திருத்தினால் போதும். இரண்டாவதும் மாறியிருந்தால் ஒட்டிய முகப்பை நுண்ணோக்கியின் கீழ், மின்சாரத்தை நிறுத்திய பின், பார்க்க வேண்டிய வேளை வந்துவிட்டது.